ஆடியின் முப்பத்தொன்றாம் நாள்

எங்கள் கோடிமேட்டில் கல்யாணம் என்றால் ஐயர் தாமதமாக வரலாம், நாதஸ்வரக்காரர் தாமதமாக வரலாம், நான் மட்டும் தாமதமாக வரக்கூடாது. மணப்பெண்ணின் அறையைத் தூக்கிக்கொண்டு போய் மாப்பிள்ளையின் அறையோடு சேர்த்து வைக்கிறவன் நான்தான். பெயர் கலியமூர்த்தி. ஆனால் நண்டுக்காரர் என்று கேட்டால்தான் யாரும் வழி சொல்வார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மூன்றாவது பெரும்புயல் எங்கள் பழைய ஊரைக் கடலோடு சேர்த்துக்கொண்டது. அரசாங்கம் உள்ளே தள்ளி ஒரு மேட்டைக் காட்டி, தொழிற்சாலையில் செய்த அறைகளை லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்கியது. இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம், கீழே இரும்புக் கால்கள். நாங்கள் பெட்டி என்போம். பதினெட்டு வயது முடிந்த ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் ஒரு பெட்டி. குடும்பத்துக்கு ஒரு சமையல் பெட்டி, குளியலறையும் அதிலேயே. பெட்டிகளைக் கொக்கி போட்டு ஒன்றோடொன்று சேர்த்தால் வீடு. கழற்றிவிட்டால் வீடு இல்லை, பெட்டிகள்தான்.

தூக்கி வைப்பதற்கு எட்டுக் கால் இயந்திரம் ஒன்று கொடுத்தார்கள். பக்கவாட்டில் நடக்கும் என்பதால் நண்டு. நான் அதன் முதுகில் உட்கார்ந்து ஓட்டுகிறேன். இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் ரப்பர் பட்டை சுற்றி, ஒரு சொட்டு மழை உள்ளே வராமல் செய்வது என் மனைவி வேதவல்லியின் வேலை. அவள் வைத்த பட்டையில் இதுவரை ஈரம் கசிந்ததில்லை. அவள் கண்ணில் என் வேலை அடிக்கடி கசியும், அது வேறு கதை.

இதற்கெல்லாம் மேலே ஒரு கணினி நிர்வாகி உண்டு. தண்ணீர், மின்சாரம், எந்தப் பெட்டி எந்த இடத்தில் என்கிற பதிவு எல்லாம் அதன் பொறுப்பு. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. நாங்கள் மணியக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தோம், அதுவும் ஏற்றுக்கொண்டது. தெருவுக்கு ஒரு ஒலிபெருக்கி, நண்டில் ஒன்று, பெட்டிக்கு ஒன்று. ரொம்ப மரியாதையாகப் பேசும். கெட்ட சேதியையும் அதே மரியாதையோடுதான் சொல்லும்.

மேட்டுக்கு வந்த நான்காவது வருஷம் சித்திரையில் அகத்தியனுக்கும் சுடர்மதிக்கும் கல்யாணம். அகத்தியன் கடல் மிதவைக் கருவிகளைப் பழுது பார்க்கிறவன், நல்ல பையன், வாய் திறக்கமாட்டான். சுடர்மதி தன் பெட்டியில் உட்கார்ந்தபடியே எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகளுக்குத் திரை வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். இருவரும் கோடிமேடுதான். பெண் வீடு மேற்குக் கடைசி, மாப்பிள்ளை வீடு கிழக்கே, நடந்தால் பத்து நிமிஷம். ஊருக்குள்ளேயே நடந்த முதல் கல்யாணம் அது. அதுவரை நான் தூக்கிய பதினோரு பெண்களின் பெட்டிகளும் மேட்டை விட்டு இறங்கிப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குப் போனவை.

கொக்கி பூட்ட இருவரும் கைத்தகட்டில் உள்ளங்கை வைத்துச் சம்மதம் சொல்லவேண்டும். கெட்டிமேளம் முழங்கியது. நல்ல நேரம் போகிறது என்று பெண்ணின் தாய்மாமன் அவள் கையைப் பிடித்துத் தகட்டில் அழுத்தினார். பத்துப் பேர் சேர்ந்து சம்மதம் என்று கத்தினார்கள். கொக்கி பூட்டிக்கொண்டது. நானும்தான் மேலேயிருந்து பார்த்தேன். எனக்கு அப்போது சாப்பாட்டுப் பந்தி முடிந்துவிடுமோ என்ற கவலை.

ஆடி பிறந்தது. பெண்ணின் அப்பா பக்கிரிசாமி தட்டு வரிசையோடு வந்து, மாப்பிள்ளைக்கு விருந்து வைத்து, வழக்கப்படி மகளை அழைத்துப்போகிறேன் என்றார். கல்யாணமான முதல் ஆடியில் புதுப்பெண் தாய்வீட்டில் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முந்தைய பெண்களைப் போல இவளும் ஒரு பையோடு போயிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சுடர்மதியின் பாடத்திரை, கரும்பலகை எல்லாம் பெட்டியோடு பொருத்தியவை. மாமியார் குஞ்சம்மாளுக்கு வேறொரு யோசனையும் இருந்தது.

"பெட்டியையும் தூக்கிட்டுப் போயிடு தம்பி. இங்க இருந்தா இவன் அதுக்குள்ளயே போயி உக்காந்துக்கிட்டு, பத்து நிமிஷ தூரந்தானேன்னு கெளம்பிடுவான். அப்புறம் ஆடியாவது ஆவணியாவது."

அகத்தியன் காது சிவந்தது. நான் சிரித்துக்கொண்டே கொக்கியைக் கழற்றி, பெட்டியைத் தூக்கி மேற்குக் கடைசியில் இறக்கினேன். ஆவணியில் நல்ல நாள் பார்த்துத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்த வருஷம் ஆடிக்கு முப்பத்திரண்டு நாள்.

முப்பத்தொன்றாம் நாள் காலை நண்டில் ஏறி உட்கார்ந்ததும் மணியக்காரர் வணக்கம் சொன்னார்.

"கலியமூர்த்தி அவர்களே, ஏழாம் வரிசையில் நான்காம் இடம் காலியாகிவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவரின் பெட்டியை இன்று அங்கே வைத்துவிடுங்கள்."

"அது சுடர்மதியோட இடமாச்சே."

"நேற்றுவரை அவருடையது. முப்பது நாள் கொக்கி கழன்றிருந்தால் அது ஒரே வீடு அல்ல. அகத்தியனும் சுடர்மதியும் இப்போது தனித்தனி நபர்கள். பதிவு மாறிவிட்டது."

ஆடி மாசம், பெண் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள், திரும்பி வருவாள் என்று விளக்கினேன். ஆடி மாதத்தைப் பற்றித் தன்னிடம் இருக்கும் விவரமெல்லாம் ஜவுளித் தள்ளுபடி பற்றியதுதான் என்றார் மணியக்காரர். திரும்பி வருவேன் என்று சுடர்மதி எங்கேயும் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

"எந்த மடையன் இப்படி ஒரு விதி எழுதினான்?" என்று கேட்டேன்.

"முதலில் அமைத்த குடியிருப்பில் சில பெண்கள் அடி தாங்காமல் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பதிவேட்டில் மட்டும் மாதக்கணக்கில் கணவன் வீட்டிலேயே இருந்தார்கள். அவர்கள் பங்குத் தண்ணீரும் மின்சாரமும் அங்கேயே போய்க்கொண்டிருந்தது. அதனால் வந்த விதி இது."

மடையன் என்று சொன்னதற்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் வேறொருவன் பெட்டியைக் கொண்டுபோய் அந்தப் பையனின் கதவுக்கு எதிரே வைக்க எனக்குக் கை வரவில்லை. என்ன செய்தால் பழையபடி ஆகும் என்று கேட்டேன். இருவரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அவரவர் பெட்டியில், கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்தில் யாரும் இல்லாமல், கேட்கிற கேள்விகளுக்குத் தன் வாயால் பதில் சொல்லவேண்டும். கைத்தகடு மட்டும் போதாது, அது முதல் முறைக்குத்தான். ஆனால் இடம் வேறொருவருக்குப் போய்விட்டால் அடுத்து எப்போது காலியாகும் என்று சொல்ல முடியாது.

"நண்டுக்கு ஒரு கால் சரியில்லை" என்றேன்.

"எந்தக் கால்?"

"இடது பக்கம் மூணாவது. வலி."

"என் கணக்கில் எட்டுக் கால்களும் நலமாக உள்ளன. ஆனால் வலியை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. எத்தனை நாளில் சரியாகும்?"

"ரெண்டு நாள். நாளைக்குச் சாயங்காலம் சரியாயிடும்."

"குறித்துக்கொண்டேன்" என்றார்.

செய்தி ஊருக்குள் பரவுவதற்கு நான் இறங்கி ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆனது. குஞ்சம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கட்டிக்கொடுத்த பெண் திரும்பி வந்துவிட்டால் வாழாவெட்டி என்பார்களே, மகனுக்கு அப்படி நேர்ந்தால் அவனை என்னவென்று சொல்வது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பக்கிரிசாமி, வழக்கத்தை மாற்றாமல் இருந்ததற்கு இப்படியா தண்டனை என்று மணியக்காரரின் ஒலிபெருக்கிக் கம்பத்தோடு சண்டை போட்டார். கம்பம் மரியாதையாகப் பதில் சொன்னது.

அகத்தியன் தன் பெட்டிக்குள் போனான். அரை நிமிஷத்தில் வெளியே வந்தான். மூன்று கேள்விகளாம். இவரோடு சேர்ந்திருக்க விருப்பமா, உங்களை யாராவது வற்புறுத்தினார்களா, சேர்ந்திருக்க உங்களுக்கு என்ன வேண்டும். விருப்பம், இல்லை, ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இனிச் சுடர்மதி சொல்லவேண்டியதுதான் பாக்கி.

சுடர்மதி காலை ஒன்பது மணிக்குப் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பத்து மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. வாசலில் கூட்டம். அப்பா கதவைத் தட்டினார், பதில் முடியும்வரை வெளியிலிருந்து திறக்காது, உள்ளே இருப்பவர் வேண்டும்போது வந்து போகலாம் என்றது கம்பம். தாய்மாமன் வந்து, ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகிற விஷயம் என்று கத்தினார். உள்ளே பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் குரல் கேட்டது. மூன்று மணிக்குப் பாடம் முடிந்தது. அப்போதும் பதில் இல்லை.

அகத்தியன் என்னைத் தேடி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னைப் பிடிக்கலையா மாமா?"

எனக்கு என்ன தெரியும்? ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அப்படி ஒரு கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. வேதவல்லி கையிலிருந்த ரப்பர் பட்டையைக் கீழே போட்டுவிட்டு, நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். நானும் கூடவே போனேன். கூட்டத்தை விலக்கிவிட்டு ஜன்னல் ஓரம் நின்று, என்னம்மா கண்ணு, என்னதான் யோசனை என்று கேட்டாள்.

ஜன்னல் திறந்தது. சுடர்மதி அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையில் நோட்டும் பேனாவும்.

"கோவமெல்லாம் இல்ல அத்தை. அவரைப் பிடிக்காமலும் இல்ல. என்னை இப்பதான் கேக்குறாங்க. கல்யாணத்தன்னைக்கு மாமா கையைப் புடிச்சு அழுத்தினாரு. இன்னைக்குத்தான் ஒருத்தர் உனக்கு என்ன வேணும்னு கேட்டாரு, அதுவும் மனுசன் இல்ல. யோசிச்சுச் சொல்ல வேணாமா?"

யோசித்து என்ன முடிவுக்கு வந்தாய் என்று வேதவல்லி கேட்டாள்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டுமானால் அவரிடம் சில விஷயங்கள் கேட்கவேண்டும் என்றாள் சுடர்மதி. மூன்று மாசம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் கேட்டதில்லை. எங்கே கேட்பது? அவர்கள் வீட்டில் பெட்டிகள் ரயில் மாதிரி வரிசை. முதலில் சமையல் பெட்டி, அடுத்தது குஞ்சம்மாள், அடுத்தது அகத்தியன், கடைசியில் சுடர்மதி. தண்ணீர் குடிக்கவேண்டுமானாலும் மாமியாரின் கட்டிலைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் தூங்குவார், விழிப்பார், என்னம்மா என்பார். சுவர் மெல்லிசு. இந்தப் பக்கம் கிசுகிசுத்தால் அந்தப் பக்கம் தொலைக்காட்சியின் சத்தம் குறையும்.

வெளியில் நிற்கிறவரோடு ஜன்னல் வழியாகப் பேசலாமா என்று நான் மணியக்காரரைக் கேட்டேன். பெட்டிக்குள் வேறு யாரும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் விதி, வெளியே நிற்பதைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அகத்தியன் அந்த ஜன்னலுக்குக் கீழே போய் நின்றான். வேதவல்லி ஒரு மரச்சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் முழுவதையும் ஐம்பதடி தள்ளி நிறுத்தினாள். அதனால் என்ன பேசினார்கள் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. அவள் நோட்டைப் பார்த்துக் கேட்பதும் அவன் தலையைச் சொறிந்து யோசித்துச் சொல்வதும் தெரிந்தது. பத்து மணிக்கு அவள் ஒரு குடையைக் கீழே போட்டாள். பத்தரைக்கு அவன் ஏதோ கேட்டான், அவள் யோசித்தாள். பதினொரு மணிக்கு இருவரும் சிரித்தார்கள். வாய் திறக்காத பையன் நான்கு மணி நேரம் வெயிலில் நின்று பேசினான்.

பன்னிரண்டு மணிக்கு அவன் தன் வீட்டை நோக்கி நடந்தான். பின்னால் ஊரே நடந்தது. குஞ்சம்மாள் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அவன் எதிரே நின்று, அம்மாவின் பெட்டியைச் சமையல் பெட்டிக்கு அந்தப் பக்கம் மாற்றி வைக்கலாமா, சுடர்மதி கேட்கச் சொன்னாள் என்றான். என்னைத் தள்ளி வைக்கப் பார்க்கிறாளா என்ற கூச்சலுக்கு நாங்கள் எல்லோரும் தயாராக இருந்தோம்.

குஞ்சம்மாள் மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாலு வருசமா என் அறை நடைபாதையா கெடக்கு. பொழுது விடிஞ்சா அடைஞ்சா ஆளு என் கால்மாட்டுல போறதும் வாறதும். ஒரு நா அசந்து தூங்கினதில்ல. பெரியவங்க பெட்டி நடுவுலதான் இருக்கணும்னு உங்கப்பா சொல்லிட்டுப் போயிட்டாரு. எனக்கு எப்படி வேணும்னு எவன் கேட்டான்? இப்பவே தூக்கச் சொல்லு."

கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் குஞ்சம்மாளே சிரித்தார். நண்டின் கால் வலி நான் சொன்ன நேரத்துக்கு முன்பே தீர்ந்துபோனது. மணியக்காரர் அதையும் குறித்துக்கொண்டார்.

இரண்டரை மணிக்குச் சுடர்மதி கதவைத் திறந்து வெளியே வந்தாள். பதில் சொல்லியாகிவிட்டது. அன்றைக்கு இன்னும் ஆடி முடியவில்லை, நாளும் நல்ல நாள் இல்லை. அதை நினைவுபடுத்திய தாய்மாமனை ஊரே திரும்பிப் பார்த்தது, அவர் வாயை மூடிக்கொண்டார். நான் அவள் பெட்டியைத் தூக்கினேன். குஞ்சம்மாள் ஒரு கடைசி, சமையல் நடுவில், சிறுசுகள் மறு கடைசி என்று வரிசை மாறியது. பட்டியலில் முதலில் இருந்த மனிதருக்கு நான்கு நாள் கழித்து வேறொரு இடம் கிடைத்தது. அவரும் சந்தோஷமாகத்தான் வந்து சேர்ந்தார்.

அடுத்த வாரம் ஊர்க் கூட்டம். ஆடி மாசத்துக்கு மட்டும் முப்பது நாளை நாற்பதாக்கச் சொல்லி மேலே எழுதுவோம் என்று பக்கிரிசாமி தீர்மானம் கொண்டுவந்தார். நான் வழிமொழிந்தேன். நியாயமான தீர்மானம், ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், பஜ்ஜி ஆறுவதற்குள் போய்விடலாம் என்று நினைத்தேன். ஆண்கள் எல்லோரும் கை தூக்கினோம். பெண்களில் ஒரு கைகூட எழவில்லை. எதிர்ப்பு எத்தனை என்று மணியக்காரர் கேட்டபோது மண்டபத்தின் அந்தப் பாதி முழுக்கக் கைகள். என் வீட்டுக் கையும் அதில் இருந்தது. தீர்மானம் தோற்றது.

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. மறுவருஷம் ஆனி கடைசியில்தான் உறைத்தது. மணியக்காரர் காலை வணக்கம் சொல்லி, ஆடி முதல் நாளிலிருந்து பெட்டி மாற்றக் கேட்டு நாற்பத்தொரு விண்ணப்பங்கள் வந்திருப்பதாகச் சொன்னார். வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியை மாற்றிக்கொள்ள எல்லோருக்கும் உரிமை உண்டு. நாற்பத்தொன்றும் பெண்கள். கல்யாணமாகிப் பத்து வருஷம், இருபது வருஷம், முப்பது வருஷம் ஆனவர்கள். முதல் பெயர் வேதவல்லி.

வீட்டுக்கு ஓடினேன். உனக்குத் தாய்வீடே இல்லையே, கடலுக்குள் போய்விட்டதே என்றேன். கிழக்குக் கரையில் உப்பங்கழியைப் பார்த்தபடி புதிதாகப் போட்ட வரிசை காலியாக இருக்கிறது, அங்கே கேட்டிருக்கிறேன் என்றாள். என்மேல் ஏதாவது கோபமா என்று கேட்டேன்.

"கோவம் என்னங்க கோவம். ஊருக்குள்ள பெட்டி வந்த அன்னைக்கு, குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டாப் போதும்னு நீங்கதான் வரிசையில நின்னு எனக்கும் சேத்துப் போட்டீங்க. இருபத்தாறு வருசமா என்னை யாரும் கேக்கல. முப்பத்தொண்ணாம் நாள் கேப்பாங்கல்ல, கேட்டுக்கறேன்."

ஆடி ஒன்று காலையில் என் சொந்தக் கையால் என் மனைவியின் பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கிழக்குக் கரையில் வைத்தேன். அதற்குப் பிறகு பத்து நாள் மற்றவர்களுடையது. எந்தப் புருஷனும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டேன், பேச்சு இல்லாத வீட்டில் வானொலி போட்டுக்கொண்டேன். அவளை வேலையிடத்தில் தினமும் பார்த்தேன். சிரித்துப் பேசினாள், மாலையானால் கிழக்கே நடந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் இல்லாமல் நான் இருந்ததில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பத்தாம் நாளுக்குப் பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒருவேளை சுடர்மதியைப் போல யோசிக்காமல் இவள் சட்டென்று வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

முப்பத்தொன்றாம் நாள் விடிந்ததும் என் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிட்டு ஓடிப்போய் அவள் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். அடுத்தடுத்த நாட்களில் முறை வரப்போகிற ஆண்கள் ஏழெட்டுப் பேர், எப்படி நடக்கிறது என்று கற்றுக்கொள்ள வந்து தள்ளி நின்றார்கள். ஜன்னல் திறந்தது. அவள் கையில் நோட்டு எதுவும் இல்லை.

"நீ என்ன கேக்கணுமோ கேளு, சொல்றேன்" என்றேன்.

"நான் கேட்டுக் கேட்டுத்தான் இருபத்தாறு வருசம் ஓடிச்சு. நீங்க கேளுங்க."

இந்தக் கதை முழுக்க நான்தானே பேசிக்கொண்டிருக்கிறேன், எனக்கா பேச்சு வராது? வரவில்லை. வெயில் ஏறியது. கடைசியில், சாப்பிட்டியா என்று கேட்டேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, சாப்பிட்டேன், அடுத்தது கேளுங்கள் என்றாள்.

அப்போதுதான் அவளுக்குப் பின்னால் தெரிந்ததைப் பார்த்தேன். பெட்டியின் மறுபக்கக் கதவு திறந்திருந்தது. அதற்கு அப்பால் உப்பங்கழி, காலை வெளிச்சம், நாரைகள். நடுத்தெருவில் எங்கள் பெட்டிக்குக் காற்றே வராது. அவள் கதவோரம் நாற்காலி போட்டு வைத்திருந்தாள்.

"இந்த எடம் புடிச்சிருக்கா வேதா?"

"புடிச்சிருக்கு."

நான் இதுவரை தூக்கிய பெட்டிகளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கல்யாணத்துக்கென்று ஓர் ஆணின் பெட்டியைக்கூட நான் தூக்கியதில்லை. யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"அப்ப, என் பெட்டியை இங்க தூக்கிட்டு வரட்டுமா?"

பின்னால் சிரிப்பு நின்றுபோனது. வேதவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மணியக்காரருக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன், நீங்கள் போய் நண்டை எடுத்து வாருங்கள் என்றாள்.